பரணில் கிடக்கும் காரைக்கால்

வீடியோ கேசட்டில் இருக்கும் ஓர் ஊரின் இருபது வருட வாழ்க்கை, ஓட்டும் டெக்கும் அடையாளம் சொல்லும் பெரியவர்களும் இருக்கும்போதே டிவிடிக்கு ஏற வேண்டும்

மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் வந்து, பட்டினச்சேரி கடற்கரையில் தீர்த்தவாரி கொடுக்கிறார். மீனவர்களுக்கு அவர் தங்கள் வீட்டுப் பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளை. அந்த உரிமையோடுதான் வரவேற்கிறார்கள். இன்று அந்தக் காட்சியைக் கூட்டத்தில் நிற்கும் ஒவ்வொரு செல்போனும் படம் பிடிக்கிறது. ஆனால், 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முன்பு அந்தக் கரை எப்படி இருந்தது, வீடுகள் எந்த வரிசையில் நின்றன, படகுகளை எங்கே ஏற்றி வைத்தார்கள், முன்னால் நின்று பெருமாளை வரவேற்ற பெரியவர்கள் யார் என்பதைக் காட்ட செல்போன் படம் கிடையாது. ஓடும் படமாக அது எங்காவது இருந்தால், யாரோ ஒருவர் வீட்டு பீரோவில் ஒரு விஎச்எஸ் கேசட்டில்தான் இருக்கும்.

காரைக்கால் சின்ன ஊர். மாவட்டம் முழுவதையும் சேர்த்தாலும் 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2 லட்சத்துச் சொச்சம்தான். ஆனால், 1980-களின் நடுவிலிருந்து இரண்டாயிரத்தின் முதல் பாதி வரை இந்த ஊர் தன்னைத் தானே நிறையப் படம் எடுத்துக்கொண்டது. கல்யாணம், நிக்காஹ், புதுநன்மை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, மாங்கனித் திருவிழா, மஸ்தான் சாகிப் கந்தூரி என எல்லாவற்றுக்கும் வீடியோக்காரர் வந்தார். அந்தக் கேசட்டுகள் இப்போது பரணிலும், கட்டிலுக்கு அடியிலும், பழைய சூட்கேஸிலும் கிடக்கின்றன. அவற்றைப் போட்டுப் பார்க்க வீட்டில் டெக் இல்லை. டெக் இருந்த வீடுகளிலும் அது பழுதாகி, பழைய இரும்போடு போய்விட்டது.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். அந்தக் கேசட்டுகளைக் காப்பாற்ற இன்னும் வழி இருக்கிறது. கம்ப்யூட்டர் தெரியாதவரும் வீட்டிலேயே செய்யக்கூடிய வழி அது. ஆனால், அதற்கான காலம் மிகக் குறைவாக இருக்கிறது.

கடைசி டெக்கும் நின்றுவிட்டது

ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் விஎச்எஸ் முறையை 1976-ல் கொண்டுவந்தது. அதற்கு ஒரு வருடம் முன்பே சோனியின் பீட்டாமேக்ஸ் வந்திருந்தது. நம் நாட்டில் வீடியோ வீடுகளுக்குள் வந்த கதை 1982-ல் தொடங்குகிறது. அந்த வருடம்தான் தூர்தர்ஷன் கலருக்கு மாறியது. நவம்பரில் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. கலர் டிவியும் டெக்கும் வெளிநாட்டிலிருந்து வரத் தொடங்கின. டெல்டா கரையில் அவற்றைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் சபுராளிகள். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போய் வந்தவர்களின் பெட்டியில் நேஷனல் டெக்கோ, அகாய் டெக்கோ இருந்தது. வாடகைக்கு டெக் எடுத்து, தெருவே உட்கார்ந்து விடிய விடியப் படம் பார்த்த தலைமுறை இன்றும் நம்மோடு இருக்கிறது.

பிறகு கேமரா வந்தது. பானசோனிக் எம்3000, எம்9000 ஆகியவற்றைத் தோளில் வைத்துக்கொண்டு, பின்னால் ஒருவர் ஹாலஜன் லைட்டைத் தூக்கிப் பிடிக்க, முகூர்த்தத்தை எடுத்தவர்களை நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் நினைவிருக்கும். 1995-ல் மினிடிவி என்ற டிஜிட்டல் கேசட் வந்த பிறகும் நம் பக்கத்துக் கல்யாணங்களில் விஎச்எஸ் சீக்கிரம் போய்விடவில்லை. வீட்டில் இருப்பது டெக் என்பதால் ஆல்பத்தோடு கேசட்டையே கேட்டு வாங்கினார்கள்.

அந்தக் கேசட்டை ஓட்டும் இயந்திரத்தை உலகத்தில் கடைசியாகச் செய்துகொண்டிருந்தது ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம். 2015-ல் கூட அது ஏழரை லட்சம் டெக்குகளை விற்றது. ஆனால், உதிரி பாகங்கள் கிடைக்காத நிலையில் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. இனி உலகில் புது டெக் வராது. இருப்பதில் ஓடுவது ஓடும் வரைதான்.

ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே 2025-ஐக் கெடுவாக வைத்து எச்சரித்தது. அதற்குள் டிஜிட்டலுக்கு மாறாத காந்த நாடாக்களில் பெரும்பாலானவை கைவிட்டுப் போகும் என்றது. 2019-ல் யுனெஸ்கோவும், உலக ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கமும் சேர்ந்து அதே 2025-ஐச் சொல்லி உலகம் முழுவதும் எச்சரிக்கை விடுத்தன. நாடா அழிவது ஒரு காரணம். ஓட்டும் இயந்திரமும் அதைப் பழுது பார்க்கும் கையும் இல்லாமல் போவது அதைவிடப் பெரிய காரணம். அந்தக் கெடுவும் வந்துவிட்டது. நம் கேசட்டுகள் இன்னும் பரணில்தான் இருக்கின்றன.

உப்புக் காற்றும் வெள்ளைப் பூஞ்சையும்

விஎச்எஸ் நாடா அரை அங்குல அகலமுள்ள பாலியெஸ்டர் பட்டை. அதன் மேல் இரும்பு ஆக்சைடின் நுண்துகள்களை ஒரு பிசினில் கலந்து பூசியிருப்பார்கள். படமும் ஒலியும் அந்தத் துகள்களின் காந்தத்தில் இருக்கின்றன. துகள்களைப் பட்டையோடு பிடித்து வைப்பது பிசின். காற்றில் உள்ள ஈரத்தை அந்தப் பிசின் உறிஞ்சுகிறது. வருடக்கணக்கில் உறிஞ்சும்போது அதன் கட்டு விடுகிறது. அப்போது நாடா பிசுபிசுக்கும், அல்லது பூச்சு பொடியாக உதிரும். உதிர்ந்த பொடியோடு படமும் போகும். அதை எந்த இயந்திரத்தாலும் மீட்க முடியாது.

குளிர்ந்த, உலர்ந்த அறையில் வைத்தால் நாடா பல பத்தாண்டுகள் தாங்கும். காரைக்காலில் அப்படிப்பட்ட அறை எந்த வீட்டில் இருக்கிறது? அரசலாறு கடலில் சேரும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் துணியே பூஞ்சை பிடிக்கிறது. கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பாருங்கள். சுருளின் மேல் வெள்ளையாக மாவு தூவியது போல் இருந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை எக்காரணம் கொண்டும் டெக்கில் போடக் கூடாது. போட்டால் பூஞ்சை டெக்கின் ஹெட்டில் ஒட்டும், அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியாக ஒரு பையில் கட்டி வைத்து, கேசட்டைத் திறந்து நாடாவைத் துடைக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

வெள்ளத்தில் நனைந்த கேசட்டும் இந்த ஊருக்குப் புதிதல்ல. 2004 சுனாமியில் கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, காரைக்கால்மேடு, அக்கம்பேட்டை போன்ற மீனவ கிராமங்கள் உயிர்களை இழந்தன, வீடுகளை இழந்தன. வீடுகளோடு சேர்ந்து போனவற்றில் ஆல்பங்களும் கேசட்டுகளும் இருந்தன. இறந்தவர்களின் முகம் பதிவான கேசட்டும் அந்த அலையிலேயே போன குடும்பங்களுக்கு அது இரண்டாவது இழப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையை அடித்தபோதும் கூரை பிய்ந்த வீடுகளில் பரண்தான் முதலில் நனைந்தது. கடல்நீர் பட்ட கேசட்டைக் காய வைத்து ஓட்டிப் பார்க்கக் கூடாது. உப்பு படிகமாகி நாடாவைக் கீறும். நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, வெயில் படாமல் நிழலில் உலர்த்திய பிறகு, அனுபவம் உள்ளவர் கையில் கொடுப்பதே முறை.

மூன்று நாட்டுக் கேசட், ஒரே பீரோ

காரைக்கால் கேசட்டுகளுக்குப் பல ஊர்க் கேசட்டுகளுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. அது இந்த ஊரின் வரலாற்றிலிருந்தே வருகிறது. 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போன காரைக்கால், 1954 நவம்பர் 1-ல் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா வீடுகள் உண்டு. பாரீஸிலும் அதன் புறநகர்களிலும் பிள்ளைகள் இல்லாத தெரு இங்கே குறைவு. இன்னொரு பக்கம் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா. ஆகவே கேசட்டுகளும் பல நாடுகளிலிருந்து வந்தன. இங்கே நடந்த கல்யாணத்தின் காபி பாரீஸுக்குப் போனது. அங்கே நடந்த பேரன் பிறந்தநாளின் கேசட் இங்கே வந்தது.

இந்தியா, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவில் துபாய், குவைத், கத்தார் எல்லாம் பால் என்ற கலர் முறையைப் பின்பற்றின. பிரான்ஸ் 1967-ல் தன் சொந்த முறையான செகாமில் கலர் ஒளிபரப்பைத் தொடங்கியது. சவுதி அரேபியாவும் செகாமை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவும் ஜப்பானும் என்டிஎஸ்சி. பாலிலும் செகாமிலும் படத்துக்கு 625 கோடுகள்தான்; நொடிக்கு 25 படங்கள்தான். கலரை எழுதி வைக்கும் விதம் மட்டும் வேறு. அதனால், பாரீஸில் பதிவான செகாம் கேசட்டை இங்கே வாங்கிய பால் டெக்கில் போட்டால் படம் ஓடும், ஒலி கேட்கும், ஆனால் எல்லாம் கறுப்பு வெள்ளையாக இருக்கும். 'கேசட் சாயம் போய்விட்டது' என்று நினைத்து அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கலர் நாடாவில் பத்திரமாகவே இருக்கிறது. அதைப் படிக்க பிரெஞ்சு செகாமையும் ஏற்கும் மல்டி சிஸ்டம் டெக் வேண்டும். வளைகுடாவிலிருந்து வந்த டெக்குகளில் பல மல்டி சிஸ்டம்தான்; ஆனால், அவை எல்லாமே பிரெஞ்சு செகாமைக் கலரில் படிப்பதில்லை. இல்லையென்றால் பிரான்ஸில் இருக்கும் உறவினரிடம் கேசட்டைக் கொடுத்து, அங்குள்ள டெக்கில் ஓட்டி டிவிடியாக்கி வாங்கலாம்.

இங்கேதான் டிவிடியின் பெரிய உதவி இருக்கிறது. பாலும் செகாமும் டிவிடிக்குள் வந்துவிட்டால் வேறுபாடு இல்லை. இரண்டும் 576 கோடு கொண்ட ஒரே டிஜிட்டல் படமாகிவிடும். பாரீஸ் டிவிடி காரைக்காலில் கலராக ஓடும். காரைக்கால் டிவிடி பாரீஸில் ஓடும். வீட்டில் பதிவு செய்யும் டிவிடிக்கு, கடையில் வாங்கும் படங்களுக்கு இருப்பது போன்ற நாட்டுப் பூட்டும் கிடையாது. என்டிஎஸ்சி கேசட்டுக்கு மட்டும் ரிக்கார்டரின் மெனுவில் முறையை மாற்றிக்கொண்டு, தனி டிவிடியில் பதிய வேண்டும். இரண்டு முறைகளை ஒரே டிவிடியில் கலக்க முடியாது. சில டெக்குகள் என்டிஎஸ்சி கேசட்டைப் பால் டிவிக்கு ஏற்றபடி பாதி மாற்றி அனுப்பும். டிவி அதை ஏற்றுக்கொள்ளும். ரிக்கார்டர் பெரும்பாலும் ஏற்காது. டெக்கில் முறை மாற்றும் சுவிட்ச் இருந்தால் அதைச் சுத்த என்டிஎஸ்சிக்கு மாற்றினால் சரியாகும்.

ஏன் தனி ரிக்கார்டர்?

கேசட்டை டிஜிட்டலாக்க இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. கடையில் கொடுப்பது ஒன்று. கம்ப்யூட்டரில் யுஎஸ்பி கருவி செருகிப் பிடிப்பது இரண்டாவது. டெக்கையும் டிவிடி ரிக்கார்டரையும் நேராக இணைத்துப் பதிவது மூன்றாவது. மூன்றாவது வழி பழையது என்று பலர் ஒதுக்குகிறார்கள். வீட்டுக் கேசட்டுக்கு அதுதான் நம்பகமானது என்பது என் துணிபு. அதற்குக் காரணங்கள் உண்டு.

முதல் காரணம், பழைய நாடாவின் சிக்னல் நடுங்கும். விஎச்எஸ் டெக்கில் ஹெட் இருக்கும் உருளை நொடிக்கு 25 முறை சுற்றிக்கொண்டே நாடாவைச் சாய்வாக வருடிப் படிக்கிறது. நாடா இழுபட்டிருந்தாலோ சுருங்கியிருந்தாலோ ஒவ்வொரு கோடும் சற்று முன்பின்னாக வரும். மலிவான யுஎஸ்பி கருவி அங்கே தடுமாறும். நடுவில் படங்கள் விடுபடும். போகப் போக உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று விலகும். நல்ல டிவிடி ரிக்கார்டர் தனக்குள் படத்தை ஒழுங்கு செய்துகொண்டு, ஒலியையும் சேர்த்தே எழுதும். பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 போன்ற ரிக்கார்டர்களை, பதிவதற்கு இல்லாவிட்டாலும், நடுங்கும் படத்தை நேராக்குவதற்காகவே இன்றும் இந்த வேலையில் இருப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள்.

இரண்டாவது காரணம் வீட்டு மரியாதை. பெண்கள் பக்கம் மட்டும் எடுத்த நிக்காஹ் கேசட், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு கேசட் ஆகியவற்றை வெளி ஆள் கையில் கொடுக்க மனம் வராத குடும்பங்கள் இங்கே நிறைய. அந்தத் தயக்கம் நியாயமானது. ஒரு கேசட் கடைக்குப் போனால் அதன் காபி எங்கெல்லாம் தங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ரிக்கார்டர் என்றால் இரண்டு பெட்டி, மூன்று பின். வீட்டுப் பெண்களே கூடத்தில் வைத்துச் செய்துகொள்ளலாம்.

மூன்றாவது காரணம், ரிக்கார்டர் கேசட்டில் உள்ளதை உள்ளபடி எழுதும். இரைச்சல் என்று சொல்லி ஊர்ப் பேச்சை வெட்டாது. மேலே சினிமாப் பாட்டு ஏற்றாது. நம் கல்யாண வீடியோக்களில் ஏற்கெனவே நடந்திருக்கும் பெரிய சேதம் அதுதான். மிக்ஸிங் என்ற பெயரில் நாகஸ்வரமும் தவிலும் போய், அந்த வருடத்து ஹிட் பாட்டு வந்து உட்கார்ந்திருக்கும். டெல்டாவின் மேளக்காரர்கள் முகூர்த்தத்தில் வாசித்த வாசிப்பு, பந்தியில் பெரியப்பா போட்ட சத்தம், பாட்டி பாடிய நலுங்குப் பாட்டு, எல்லாமே மிக்ஸிங்கில் மறைந்தன. வெட்டாத, பாட்டு ஏற்றாத மூலக் கேசட் உங்களிடமோ, கல்யாணத்தை எடுத்த ஸ்டுடியோவிடமோ இருந்தால் முதலில் அதைத்தான் மாற்ற வேண்டும்.

வீட்டில் செய்யும் முறை

டிவிடி ரிக்கார்டர்கள் 1999-ல் ஜப்பானில் பயனியர் நிறுவனத்தால் அறிமுகமாகி, அடுத்த பத்து வருடம் நன்றாக விற்றன. டெக்கும் டிவிடியும் ஒரே பெட்டியில் இருக்கும் மாடல்களும் வந்தன. இன்று புதியது கிடைப்பது அரிது. சென்னை ரிச்சி தெருவிலும் பழைய சாமான் விற்கும் இடங்களிலும் தேட வேண்டும்; பிரான்ஸிலும் சிங்கப்பூரிலும் உள்ள உறவினர் வீட்டு அலமாரிகளில் சும்மா இருக்கவும் வாய்ப்பு உண்டு. வாங்கும்போது ஒரு வெற்று டிவிடியில் பதிந்து, அதை வேறு பிளேயரில் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கும் உள்ள ரிக்கார்டர் கிடைத்தால் நல்லது. முதலில் ஹார்ட் டிஸ்க்கில் பதிந்து, தேவையில்லாத வெற்று இடத்தை நீக்கிவிட்டு டிவிடிக்கு எழுதலாம்.

கேசட்டின் முதுகில் இடது ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அது உடையாமல் இருந்தால் முதலில் உடைத்துவிடுங்கள். தவறி ரிக்கார்டு பட்டனை அழுத்தினாலும் கேசட் அழியாது. பிறகு கேசட்டை ஒருமுறை முழுதாக முன்னோட்டி, முழுதாகப் பின்னோட்டுங்கள். வருடக்கணக்கில் ஒரே நிலையில் இறுகியிருந்த சுருள் தளர்ந்து சீராகும். படத்தில் புள்ளிப் புள்ளியாகப் பனி விழுந்தால் ஹெட் அழுக்கு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தோலால், உருளை சுற்றும் திசையில் மட்டும் துடைக்க வேண்டும். மேலும் கீழுமாகத் துடைத்தால் ஹெட் உடையும். காதுக்குப் போடும் பஞ்சுக் குச்சியால் துடைத்தால் இழை மாட்டி ஹெட் போகும். துடைத்துப் பழக்கமில்லை என்றால் பழைய டிவி மெக்கானிக்கைக் கூப்பிடுவதே நல்லது. படத்தின் கீழோ மேலோ கோடு ஓடினால் டெக்கின் டிராக்கிங் பட்டனை மெதுவாகத் திருப்பி, கோடு குறையும் இடத்தில் நிறுத்துங்கள்.

டெக்கின் வெளியீட்டு மஞ்சள் பின்னை ரிக்கார்டரின் உள்ளீட்டு மஞ்சளில் செருகுங்கள். வெள்ளை, சிவப்பு ஒலிக்கு. பழைய மோனோ டெக்கில் ஒலிக்கு ஒரே துளைதான் இருக்கும்; ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் பின் போட்டால் இரண்டு ஸ்பீக்கரிலும் கேட்கும். ரிக்கார்டரைக் கேபிள் செருகியுள்ள லைன் உள்ளீட்டுக்கு மாற்றி, ஐந்து நிமிடம் பதிந்து பாருங்கள். சரியாக இருந்தால் தொடரலாம்.

ஒரு சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி இடம் உண்டு. எக்ஸ்பி தரத்தில் 1 மணி நேரமும், எஸ்பி தரத்தில் 2 மணி நேரமும், எல்பி தரத்தில் 4 மணி நேரமும் கொள்ளும். இ-180 கேசட் 3 மணி நேரம் ஓடும். அதை ஒரே டிவிடியில் திணிக்க ஆசைப்படாதீர்கள். இரண்டு டிவிடியாகப் பிரித்து எஸ்பியிலேயே பதியுங்கள். நெருக்கிப் பதிந்தால், ஹாலஜன் வெளிச்சத்தில் ஆடும் கூட்டமும், கடல் அலையும், கற்பூர ஆரத்தியும் கட்டம் கட்டமாக உடையும். அசைவு அதிகமுள்ள காட்சிக்குத்தான் இடம் அதிகம் தேவை.

சிறிய விஎச்எஸ்-சி கேசட்டுக்குப் பேட்டரி போட்ட அடாப்டர் வைத்துச் சாதாரண டெக்கிலேயே ஓட்டலாம். எட்டு மில்லிமீட்டர் கேசட்டுக்கு அப்படி ஓர் அடாப்டர் கிடையாது; அதற்கான கேமராவே வேண்டும். மினிடிவி கேசட் பிறவியிலேயே டிஜிட்டல் என்பதால், அதற்கான டிஜிட்டல் உள்ளீடு (DV) உள்ள ரிக்கார்டரில் கேமராவை அந்தக் கேபிளாலேயே இணைத்தால் தரம் அதிகம் குறையாமல் வரும். கடையில் வாங்கிய சினிமா கேசட்டுகளைச் சில ரிக்கார்டர்கள் பதிய மறுக்கும். காப்பி எடுக்காமல் இருக்கத் தயாரிப்பாளர் வைத்த தடை அது. நடுங்கும் வீட்டுக் கேசட்டையும் ரிக்கார்டர் சில நேரம் அப்படி நினைத்து நிறுத்திவிடும். அப்போது வேறு டெக்கில் ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகும்.

பதிந்து முடித்ததும் ஃபைனலைஸ் கொடுக்க மறக்காதீர்கள். அதைச் செய்யாத டிவிடி, பதிந்த ரிக்கார்டரில் மட்டும்தான் ஓடும். ரிக்கார்டர் பழுதானால் டிவிடியும் வெற்றுத் தட்டாகத் தோன்றும்.

டிவிடியோடு நின்றுவிடக் கூடாது

டிவிடியும் அழியும். எழுதும் டிவிடியில் படம் இருப்பது ஒரு சாயப் பூச்சில். வெயிலும் ஈரமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். மேலே ஸ்டிக்கர் ஒட்டாமல், டிவிடிக்கென்று உள்ள பேனாவால் எழுதி, பெட்டியில் செங்குத்தாக வைத்தால் அதன் ஆயுள் கூடும். ஆனாலும் டிவிடியைக் கடைசி வீடாக நினைக்கக் கூடாது. கேசட்டிலிருந்து படத்தைப் பத்திரமாக இறக்கும் முதல் படி அது.

அடுத்த படி மிக எளிது. வீட்டில் கல்லூரி போகும் பிள்ளையிடம் சொன்னால், டிவிடிக்குள் இருக்கும் ஃபோல்டரை அப்படியே கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கில் காபி செய்து தருவார். அதை மறுபடி சுருக்கவோ மாற்றவோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சின்னதாக ஒரு பிரதி செய்துகொள்ளலாம். மூலத்தைத் தொடக் கூடாது.

ஆவணக் காப்பாளர்கள் சொல்லும் விதி, மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில். கடற்கரை ஊருக்கு மூன்றாவதுதான் உயிர்நாடி. 2004-ல் பறிபோன கேசட்டுகளுக்கு வேறு ஊரில் ஒரு பிரதி இருந்திருந்தால் அந்த முகங்கள் மிஞ்சியிருக்கும். காரைக்காலுக்கு இதில் ஒரு பாக்கியம் இருக்கிறது. பாரீஸிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த முறை ஊர் வந்து திரும்பும்போது ஊறுகாயோடும் வடகத்தோடும் ஒரு ஹார்ட் டிஸ்க்கையும் கொடுத்து அனுப்புங்கள்.

மாற்றி முடித்த பிறகும் கேசட்டை வீசாதீர்கள். நாளை இதைவிட நல்ல கருவி வரக்கூடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய பிளாஸ்டிக் டப்பாவில், புத்தகம் போல நிமிர்த்தி, ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே

3 மணி நேரக் கேசட்டை மாற்ற 3 மணி நேரம் ஆகும். அதை வேகப்படுத்த முடியாது. பலரும் இதைத் தொல்லை என்று நினைக்கிறார்கள். எனக்கு அந்த 3 மணி நேரம்தான் இந்த வேலையின் முக்கியமான பகுதியாகத் தெரிகிறது. அந்த நேரத்தில் வீட்டுப் பெரியவர்களை டிவி முன் உட்கார வையுங்கள். 'பந்தலில் மாலையோடு நிற்பது யார்? பக்கத்தில் இருக்கும் பையன் இப்போது எங்கே? பின்னால் தெரியும் ஓட்டு வீடு யாருடையது? மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் வீசும் அந்த அம்மா யார்?' என்று கேளுங்கள். பதிலை ஒரு நோட்டில் நேரத்தோடு குறியுங்கள். செல்போனில் குரலையும் பதியுங்கள். பெயரில்லாத முகம் அடுத்த தலைமுறைக்கு அந்நியர் முகம். இப்போது எழுபது, எண்பது வயதில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த பெயர்கள் அவை.

இது குடும்ப விஷயம் மட்டும் அல்ல. ஓர் ஊரின் உடை, நடை, பேச்சு, பந்தி, ஊர்வலம், கடைத்தெரு, கடற்கரை எல்லாம் தற்செயலாகப் பதிவான இடம் இந்தக் கேசட்டுகள். மாப்பிள்ளை ஊர்வலத்தை எடுத்த கேமரா, பின்னணியில் அன்றைய பாரதியார் சாலையையும் எடுத்திருக்கிறது. திருநள்ளாறு சனிப்பெயர்ச்சிக்கு வந்த உறவினரை எடுத்தபோது, நளதீர்த்தத்தின் பழைய படித்துறையும் சேர்ந்து விழுந்திருக்கிறது. அவற்றை வேறு யாரும் எடுத்து வைக்கவில்லை.

நம் புதுச்சேரியிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவிலிருக்கும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழகத்துப் பழைய போட்டோ ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியது. குப்பைக்குப் போகவிருந்த கண்ணாடித் தகடுகளும் நெகட்டிவ்களும் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தன. குடும்பப் படம் என்பது வரலாற்று ஆவணம் என்று அந்த வேலை நிரூபித்தது. போட்டோவுக்குச் செய்ததை வீடியோவுக்கும் செய்ய வேண்டிய நேரம் இது.

பெரிய செலவு தேவையில்லை. காரைக்கால் நூலகத்தில் ஓர் அறை, ஒரு மல்டி சிஸ்டம் டெக், ஒரு ரிக்கார்டர், பழகிய ஒருவர் போதும். புதுச்சேரி கலை பண்பாட்டுத் துறை அதற்கு மனம் வைக்க வேண்டும். திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. பழைய டெக்குகளுக்கு உயிர் கொடுப்பதை அங்குள்ள எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் ஒரு திட்டமாக எடுத்துச் செய்யலாம். அறிஞர் அண்ணா கலைக் கல்லூரியிலும் அவ்வையார் மகளிர் கல்லூரியிலும் படிப்பவர்கள் பெயர்களைத் திரட்டலாம். கேசட் குடும்பத்திடமே இருக்கட்டும். எதைப் பொதுவில் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதைக் குடும்பமே முடிவு செய்யட்டும். அந்த உறுதியை எழுத்தில் கொடுத்தால் மக்கள் நம்பிக் கொண்டுவருவார்கள்.

ஊரில் கல்யாண வீடியோ எடுத்த ஸ்டுடியோக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கடையின் பின்னறையில் கிடக்கும் மாஸ்டர் கேசட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உரிய குடும்பத்தைக் கண்டுபிடித்துக் கொடுங்கள். அது முடியாவிட்டால் பத்திரமாக வைத்திருங்கள். இந்த ஊரின் அந்த இருபது வருடத்தை அதிகம் பார்த்த கண்கள் உங்களுடையவை.

வாசகர்களுக்கும் சொல்வதற்கு ஒன்று உண்டு. அடுத்த மழைக்காலத்துக்கு முன் உங்கள் வீட்டுக் கேசட்டுகளை வெளியே எடுத்துப் பாருங்கள். பூஞ்சை பிடித்ததைத் தனியே வையுங்கள். நல்லதில் மிகப் பழையதை முதலில் மாற்றுங்கள். டெக் இல்லையென்றால் இருப்பவரைக் கண்டுபிடித்து, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு ரிக்கார்டர் வாங்குங்கள். இன்று ஓடும் கேசட் ஐந்து வருடம் கழித்தும் ஓடும் என்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது. இந்த வருடமே தொடங்குங்கள்.